ஒரு கோடியே ஒன்று பகா எண் அல்ல

நீங்கள் பதினொன்றில் வகுத்துப் பார்க்கவில்லை. இரண்டில் வகுத்தீர்கள். மூன்றில், ஐந்தில், ஏழில் வகுத்தீர்கள். அதோடு பேனாவை மூடிவிட்டீர்கள். மூடுவதற்கு முன்னால் விடைப் பட்டியலில் கையெழுத்தையும் போட்டுவிட்டீர்கள்.

யாரைச் சொல்கிறேன் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் ஆள் எடுக்க ஒரு தேர்வு வைத்தார்கள். அதற்குக் கேள்வித்தாள் எழுதிக் கொடுத்த கணக்குப் பேராசிரியரைச் சொல்கிறேன். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறார். பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குத் தெரியும். அது போதும்.

முப்பத்தெட்டாவது கேள்வி இது. 1,00,00,001 எவ்வகை எண்? அ) பகா எண். ஆ) பகு எண். இ) நிறைவு எண். ஈ) வர்க்க எண்.

பள்ளிக்கூடத்தை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் மிச்சமில்லாமல் வகுபடுவது பகா எண். வேறு எதனாலாவது வகுபட்டால் பகு எண். நான் 'ஆ' என்று எழுதினேன். உங்கள் பட்டியல் 'அ' என்றது. பக்கத்தில் விளக்கம் வேறு: "2, 3, 5, 7 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடாததால் இது பகா எண்."

ஐம்பது கேள்வி. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. நான் வாங்கியது முப்பத்து நாலு. வேலை யார்டு இன்ஸ்பெக்டர், நிரந்தரம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எழுத முடியாது. எனக்கு இந்த மாசியோடு நாற்பத்தைந்து முடிகிறது. அடுத்த தேர்வு எனக்குக் கிடையாது. நீங்கள் ஏறாமல் விட்ட ஒரு படி எனக்கு எவ்வளவு உயரம் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள். வீடு மணலி புதுநகர். இருபத்தோரு வருடமாக அந்த யார்டின் உள் கேட்டில் ஒப்பந்தத்தில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போன வருடம்தான் வந்தது. துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் பெட்டியின் நம்பரைப் படித்து, சரியா என்று பார்த்து, உள்ளே விடுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் யாரும் கன்டெய்னர் என்று சொல்லமாட்டார்கள். பொட்டி.

பொட்டியின் மேல் நாலு ஆங்கில எழுத்து இருக்கும். பிறகு ஆறு இலக்கம். கடைசியில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கட்டத்து இலக்கம் சும்மா எழுதியதில்லை. முன்னால் இருக்கிற பத்துக்கும் அது காவல். எழுத்துகளுக்கும் ஒவ்வொரு எண் மதிப்பு உண்டு. முதலாவதை ஒன்றால் பெருக்கவேண்டும், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை நாலால், நாலாவதை எட்டால். இப்படி இரட்டித்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றில் வகுத்தால் வருகிற மிச்சம்தான் கட்டத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் எங்கோ ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்திருக்கிறோம்.

பதினாறு, முப்பத்திரண்டு என்று பெரிதாகப் பெருக்கிக்கொண்டிருந்தால் வண்டி வரிசை எண்ணூர் வரை நீளும். அதனால் பதினொன்றைத் தாண்டும்போதெல்லாம் பதினொன்றைத் தள்ளிவிடுவோம். பதினாறு ஐந்தாகிவிடும். ஐந்து இரட்டித்தால் பத்து. பத்து இரட்டித்தால் இருபது, பதினொன்று போக ஒன்பது. ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, ஐந்து, பத்து, ஒன்பது, ஏழு, மூன்று, ஆறு. அடுத்து பன்னிரண்டு, அதாவது மறுபடி ஒன்று. கவனித்தீர்களா? ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணும் வருகிறது, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறது. இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், தகரக் கூரைக்குக் கீழே வண்டி வராமல் நின்ற ஒரு மதியத்தில் நானாகப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்டில் கேமரா வைத்திருக்கிறார்கள். நல்ல பொட்டியை அது படித்துவிடும். துருப்பிடித்தது, நசுங்கியது, பெயின்ட் உரிந்தது என்று வந்தால் அது கை விரித்துவிடும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் அப்படி ஒரு வண்டி வந்தது. ஓட்டியவர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பல வருடமாக அந்த ரோட்டில் ஓடுகிறார்.

"யக்கா, உன் கேமரா என் பொட்டிய பாத்துட்டு கண்ண மூடிக்கிச்சு. நீயாவது பாரு. காலைல எட்டு மணிக்கு லைன்ல நின்னவன்."

"மூணாவது நம்பரு எங்கயா போச்சு?"

"கடக்காத்துல உப்பு துன்னுட்சி. நான் இன்னா பண்ண முடியும்? தோ, நானே பாதி துருப்புடிச்சிகினு கீறன்."

கட்டத்தில் இருந்த இலக்கம் தெளிவாக இருந்தது. மற்ற ஒன்பதையும் கூட்டினேன். கட்டத்து இலக்கம் சரியாக வரவேண்டுமென்றால் அழிந்த இடத்தில் எது இருந்திருக்கும் என்று பின்னாலிருந்து போனேன். "ஏழு," என்றேன். அவர் கேபினிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"மெய்யாலுமே ஏழுதான்! யக்கா, நீ பேசாம திருவொத்தியூர் கோயிலாண்ட ஒரு கிளி வாங்கிகினு குந்திடு."

"கிளிக்குப் பதினொண்ணு வாய்ப்பாடு தெரியாது. வண்டிய எடு, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

இதுதான் என் படிப்பு. இந்த மிச்சக் கணக்கில் ஒரே ஒரு இடத்தில் வளைவு உண்டு. பதினொன்றில் வகுத்தால் மிச்சம் பத்து வரைக்கும் வரலாம். கட்டத்திலோ ஓர் இலக்கத்துக்குத்தான் இடம். ஆகவே மிச்சம் பத்து என்றால் கட்டத்தில் சைபர் போடவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இதுதான் விதி. பத்து வந்தால் சைபர். இருபத்தோரு வருடமாக என் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கலாம். எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் இதில்தான் நான் விழுந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. முப்பத்தெட்டாவது கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மற்ற கேள்விகளில் ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை வினாடி, தொட்டி நிரம்ப எத்தனை மணி என்று கேட்டு என் உயிரை எடுத்திருந்தீர்கள். இந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்த முகம். பதினொன்றுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வழி உண்டு. கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி ஒன்றைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அதற்கடுத்ததைக் கூட்டு, அடுத்ததைக் கழி. முடிவில் சைபர் வந்தால் அந்த எண் பதினொன்றில் வகுபடும். ஒரு கோடியே ஒன்றில் கடைசி இலக்கம் ஒன்று, கூட்டு. நடுவில் ஆறு சைபர், கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றுமில்லை. எட்டாவது இடத்தில் இன்னொரு ஒன்று, கழி. முடிந்தது. சைபர். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. 'ஆ' என்று எழுதிவிட்டு, இந்தக் கேள்வியை வைத்ததற்காக மனதுக்குள் உங்களுக்கு நன்றியும் சொன்னேன். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து விடைப் பட்டியலும் மதிப்பெண்ணும் கேட்டுக்கு உள்ளே நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வெளிக் கேட்டில் நிற்கும் என் கூட்டாளியும் தேர்வு எழுதியிருந்தாள். அவளுக்கு முப்பத்தாறு. என் பெயருக்கு நேராக இருந்த முப்பத்து நாலை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"யக்கா, இன்னா இது, ஒண்ணுல நின்னுட்ச்சே. எதுல வுட்ட கோட்ட?"

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். முப்பத்தெட்டில் என் விரல் நின்றது.

"இது தப்புடி. இவரு போட்டது தப்பு."

"அய்ய, நானும் பகா எண்ணுன்னுதான் போட்டேன். ரைட்டுன்னு கீதே?"

"எப்படிப் போட்ட?"

"எப்டி இன்னா எப்டி? கண்ண மூடிகினு வெரல வெச்சேன்."

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் செல்போனை எடுத்து ஒரு கோடியே ஒன்றைத் தட்டி, பதினொன்றால் வகுத்தாள். 909091 என்று வந்தது. திருப்பிப் பார்த்தாள், மறுபடி தட்டினாள்.

"அடச்சீ, புள்ளியே வர்ல! அப்டியே கரீட்டா முழுசா நிக்குது. இன்னாக்கா இந்த ஆளு, வாத்தியாரா, இல்ல கயட்டி வுட்ட பலூனா?"

அவள் மதிப்பெண்ணில் ஒன்று குறைந்தால் முப்பத்தைந்து, அப்போதும் தேர்ச்சிதான். ஒருவேளை தேர்ச்சி போவதாக இருந்திருந்தாலும் என்னோடு நின்றிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். எப்படியோ, மேலே ஆபீசுக்குப் போய்ச் சொல் என்று என்னைத் தள்ளியவள் அவள்தான்.

பணியாளர் பிரிவு அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. அறையில் இரண்டு கிளார்க்குகளும் இருந்தார்கள்.

"சார், முப்பத்தெட்டாவது கேள்விக்கு விடை தப்பா இருக்குது."

"எக்ஸ்பர்ட் குடுத்த விடைம்மா அது. நீங்க கேட்ல இருக்கிறவங்கதானே?"

"ஆமா சார். அந்த நம்பர் பதினொண்ணுல வகுபடும்."

"எப்படிச் சொல்றீங்க?"

கூட்டிக் கழிக்கும் வழியைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் ஏதோ குறுக்கு வழி. எல்லா நம்பருக்கும் சரியா வருமா?"

"வரும் சார்."

"சரி, இப்ப ஒரு நம்பர் சொல்றேன், சொல்லுங்க பார்ப்போம்." என் கழுத்தில் தொங்கிய கேட் பாஸின் நம்பரைப் பார்த்துப் படித்தார். "மூணு அஞ்சு ரெண்டு சைபர் ஆறு ஒண்ணு அஞ்சு. வகுபடுமா, படாதா?"

அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. பின்னாலிருந்து போனேன். ஐந்திலிருந்து ஒன்று போக நாலு. ஆறு சேர்த்தால் பத்து. சைபர் போனால் பத்தே. இரண்டு சேர்த்தால் பன்னிரண்டு. ஐந்து போக ஏழு. மூன்று சேர்த்தால் பத்து. பத்து வந்தால் சைபர்.

"வகுபடும் சார்," என்றேன்.

அவர் மேஜை மேலிருந்த கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். என் பக்கம் திருப்பிக் காட்டினார். 320055, புள்ளி, அதற்குப் பிறகு 909090 என்று வரிசையாக ஓடியது. கிளார்க்குகளில் ஒருவர் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"இதுதான் உங்க வழியாம்மா? போய் வேலையப் பாருங்க."

மாடிப்படியில் பாதி இறங்கும்போதுதான் எனக்கு விளங்கியது. மிச்சம் பத்து. பொட்டிக் கட்டத்துக்கு அது சைபர். வகுத்தலுக்கு அது பத்துதான், சைபர் இல்லை. கட்டத்தில் இடம் போதாததற்குப் போட்ட விதியைக் கொண்டுபோய் எண்ணின் குணமாக்கிவிட்டேன். வேறு எந்த ஊர் ஆளும் இப்படித் தப்பு செய்யமாட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாது. இருபத்தோரு வருடம் அந்தக் கேட்டில் நின்றவளுக்குத்தான் இது வரும். திரும்ப மேலே ஓடினேன். கதவுக்கு வெளியே இருந்தவர் "மீட்டிங்" என்றார். அந்தக் கால்குலேட்டரில் என் பாஸ் நம்பரைத் தட்டிய அதே விரலால் ஒரு கோடியே ஒன்றைத் தட்ட எத்தனை நொடி ஆகியிருக்கும்? யாரும் தட்டவில்லை.

சாயங்காலத்துக்குள் கதை கேட் வரை வந்துவிட்டது. மறுநாள் வந்த டிரெய்லர்காரர்கள் வண்டியிலிருந்தே கேட்டார்கள்: "சைபரக்கா, சைபரக்கா, பத்து டீ குட்ச்சா சைபராமே, மெய்யாவா?" வீட்டுக்காரர் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் காதுக்கும் ஸ்டாண்டில் எட்டியிருக்கிறது.

"பத்த போயி சைபர்னு சொன்னியாமே? பத்து இட்லி துன்னுட்டு எல போட்டவன்கிட்ட அப்டி சொல்லிப் பாரேன், உடுவானா?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"கோச்சிக்காத. நீ சொன்னது தப்பு, ஒத்துக்க. அந்தாளு சொன்னது தப்பா, ரைட்டா? அத்த மட்டும் சொல்லு."

"தப்பு."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? எழுதிக் குடு."

எழுதிக் கொடுப்பதென்றால் இந்த முறை ஒரு இலக்கம்கூட வழுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த எண்ணை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை. நீங்கள் கொடுத்த நாலு வகையில் எதில் அது சேரும், எதில் சேராது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும்.

பதினொன்றும் 909091-உம் சேர்ந்ததுதான் ஒரு கோடியே ஒன்று. சரி, அந்த ஒன்பது லட்சத்துச் சொச்சத்துக்கு உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா? ரத்தான கேட் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஆயிரம் வரைக்கும் எண்களை எழுதி, மடங்குகளை அடித்து அடித்து பகா எண்களை எடுத்தேன். நூற்றறுபத்தெட்டு வந்தது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வகுத்தேன். இரண்டில் வகுத்தால் மிச்சம் ஒன்று. மூன்றில் ஒன்று. ஐந்தில், ஏழில் ஒன்று. பதின்மூன்றிலும் ஒன்று. நான் எங்கோ தப்பு செய்கிறேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். நடுவில் சிலதில் வேறு மிச்சம் வந்தது, முப்பத்தேழில் மறுபடி ஒன்றே நின்றது. பிறகுதான் புரிந்தது: அந்த ஒன்றை எடுத்துவிட்டால் 909090, அது இந்த எல்லாவற்றாலும் வகுபடுகிற எண். ஒரே ஒரு ஒன்று ஒட்டிக்கொண்டு அத்தனை பேருக்கும் வழியை அடைத்து நிற்கிறது. கோபத்தில் உட்கார்ந்தவள் அந்த இடத்தில் கோபத்தை மறந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்.

தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று வரை போனேன். அதில் வகுத்தால் ஈவும் 953, மிச்சம் 882. அடுத்த பகா எண் 967. அதைத் தன்னோடு பெருக்கினாலே ஒன்பது லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. ஆக 909091 பகா எண். ஒரு கோடியே ஒன்று பகு எண், சரியாக இரண்டே பகா எண்களின் பெருக்கம்.

நிறைவு எண் என்றால் தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளையும் கூட்டினால் அதே எண் வரவேண்டும். ஆறு அப்படி: ஒன்று, இரண்டு, மூன்று கூட்டினால் ஆறு. ஒரு கோடியே ஒன்றுக்கு ஒன்றும் பதினொன்றும் 909091-உம் கூட்டினால் ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்து நூற்று மூன்றுதான். கோடிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இதைக் குறைவெண் என்கிறார்கள். வர்க்க எண்ணும் இல்லை, பதினொன்று அதில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். 11, 1001, 100001, 10000001. இரண்டு ஒன்றுகளுக்கு நடுவில் இரட்டைப்படையாகச் சைபர்கள் இருந்தால் எல்லாமே பதினொன்றில் வகுபடுகின்றன. ஈவு 1, 91, 9091, 909091 என்று வருகிறது. உண்மையில் இரட்டைப்படை இலக்கங்களோடு, இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் எந்த எண்ணும் பதினொன்றில் வகுபடும். 4554 எடுங்கள், 270072 எடுங்கள். கூட்டுகிற இலக்கமும் கழிக்கிற இலக்கமும் ஜோடி ஜோடியாக அடிபட்டுப் போகும். உங்கள் கேள்வியை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தாலே போதும். வகுக்கக்கூட வேண்டியிருக்காது.

நீங்கள் பிடித்த வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு நாலிலும் வகுபடவில்லை என்றால் பகா எண் என்பது நூற்றிருபத்தொன்றுக்குக் கீழே உள்ள எண்களுக்குத்தான் செல்லும். நூற்றிருபத்தொன்று பதினொன்றின் வர்க்கம், அங்கேயே அந்த வழி உடைந்துவிடும். நூற்றிருபதோடு முடிகிற கயிற்றைக் கொண்டுபோய்க் கோடிக்குக் கிணறு இறைத்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதி, என் பாஸ் நம்பரில் நான் செய்த தப்பையும் எழுதி, அது ஏன் வந்தது என்றும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: நேரில் விசாரித்தபோது மனுதாரர் பதினொன்றால் வகுபடும் தன்மையைத் தவறாகக் கூறினார், நிபுணரின் கருத்து பெறப்பட்டது, ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. ஒரு கோடியே ஒன்றைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. நான் ஒத்துக்கொண்ட தப்பை எடுத்து, நீங்கள் ஒத்துக்கொள்ளாத தப்புக்குப் போர்வையாகப் போட்டிருக்கிறார்கள்.

நிபுணரின் கருத்து என்றால் உங்கள் கருத்து. அதனால் ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டு ராயபுரத்துக்கு வந்தேன். உங்கள் மையத்தின் மாடிப்படியில் நீங்கள் இறங்கி வந்தீர்கள். நான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் நின்றீர்கள்.

"ஓ, நீங்கதான் அந்தப் பத்துக்குச் சைபர் போட்ட அம்மாவா?"

சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை.

"ஆமா சார். அது என் தப்பு. ஒரு கோடியே ஒண்ணு பகா எண்ணா சார்?"

"அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா. கம்பெனியைக் கேளுங்க."

"கம்பெனி உங்களைக் கேக்கச் சொல்லுது."

"எனக்கு கிளாஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்தவர் திரும்ப மேலே ஏறிப் போய்விட்டீர்கள்.

அந்தப் படியில் நின்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் தப்பு உங்கள் காதுக்கு வந்திருக்கிறது என்றால் என் நாலு பக்கமும் உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. கணக்கு சொல்லிக் கொடுக்கிற ஓர் ஆள் கையில் அந்த நாலு பக்கம் கிடைத்தால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே முதலில் சொன்னதை இங்கே திருத்துகிறேன். கேள்வித்தாள் எழுதியபோது நீங்கள் வகுக்கவில்லை. பிறகு வகுத்துவிட்டீர்கள். விடை தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். முதலாவது அசட்டை. யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. இரண்டாவதுக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

என் கூட்டாளி கேட்டாள், "ஒரு நம்பருக்காகவா யக்கா இவ்ளோ பேஜாரு?" ஒரு நம்பருக்காகத்தான். பொட்டி நம்பரில் ஓர் இலக்கம் தப்பினால் ஒருவனுடைய சரக்கு வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் என்னை இருபத்தோரு வருடம் வெயிலில் நிறுத்தினார்கள். தப்பாகப் படித்தால் மெமோ கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். எங்களுக்கு ஓர் இலக்கம், உங்களுக்கு எட்டு இலக்கமும் போனால் பரவாயில்லையா? தேர்வானவர்கள் பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை. இந்த மாதக் கடைசியில் ஆகும் என்று சொல்கிறார்கள். கையெழுத்தான பிறகு நீங்கள் உண்மையைச் சொன்னால் எனக்கு அதனால் பயனில்லை.

எங்கள் யார்டு மதில் சுவரில் நேற்று உங்கள் படத்தோடு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், வேலைத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு நீங்கள் இலவசமாகப் பேசுகிறீர்கள். கடைசி அரை மணி நேரம் கேள்விக்கு என்று போட்டிருக்கிறது. நான் வருகிறேன். என் கூட்டாளி வருகிறாள். டிரெய்லர்காரர்கள் நாலைந்து பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் மெதுவாகப் பேசிப் பழகியவர்கள் இல்லை. மைக்கை வாங்கி நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஒரு கோடியே ஒன்று பகா எண்ணா, பகு எண்ணா? கம்பெனியைக் கேள் என்று சொல்லாதீர்கள். கிளாஸ் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி அந்த மைக்கில் பதில் சொல்லுங்கள். சொன்ன பதிலை உங்கள் கையெழுத்தோடு திங்கட்கிழமை காலைக்குள் எங்கள் நோட்டீஸ் போர்டுக்கு அனுப்புங்கள்.